வாக்குச் சாவடிக்கு வெளியே ஒரு காமிரா



போடிநாயக்கனூர் ஒன்றியத்தைச் சேர்ந்த ராசிங்காபுரத்து மாணவ மாணவியர் எழுவர் சென்ற வாரம் என்னைக் காண வந்தனர். அடுத்த உள்ளாட்சித் தேர்தல் நாளை விடியற்காலை முதல் இரவு வரை படமெடுத்து, ஊர்ப் பொதுவிடத்தில் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பது அவர்கள் திட்டம். 2019 டிசம்பரில் நம் பகுதி ஊராட்சிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் நாளோடு முடிவுற்றது. தேர்தல் என்று வரினும் ஆயத்தமாய் இருக்க வேண்டுமாம். எடுக்க வேண்டிய படங்களின் பட்டியலை நீட்டினர். முதலிடம் பெற்றிருந்தது குதிரை!

அகமலையைச் சார்ந்த ஊத்துக்காடு போன்ற மலையூர்களுக்குத் தேர்தல் பொருள்கள் குதிரை முதுகில் ஏறிச் செல்வதை நம் பக்கத்தார் அறிவர். அழகிய காட்சியே, ஆயினும் ஒவ்வொரு தேர்தலிலும் நாளிதழ்கள் அதனை வெளியிட்டு விடுகின்றன. “பத்திரிகைக்காரர் வராத இடம் உங்கள் ஊரில் எது?” எனக் கேட்டேன். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் ஒரு மாணவி, “ஜீப் நிற்கிற இடம், சாமி” என்றாள்.

அவளுடைய தாய் ஏலத்தோட்டக் கூலி. இருள் பிரியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு வழியே கேரளத்துத் தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்பும் பெண்களுள் ஒருவர். 2019இல் வாக்குப்பதிவு காலை 7 மணிக்குத் தொடங்கி மாலை 5 மணிக்கு முடிந்தது. 7 மணிக்கு ஜீப் மலையேறிக் கொண்டிருக்கும். நம் மாநிலத்து உள்ளாட்சித் தேர்தல் விடுமுறை எல்லைக்கு அப்பாலுள்ள தோட்டத்தைக் கட்டுப்படுத்தாது. ஆகவே அத்தாய்க்கு வாக்கு என்பது ஒருநாள் கூலியை விட்டுக்கொடுப்பதாகும். காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்து, மக்கள் காசு போடுவதை உற்றுநோக்கிய நம் ஆண்டவர், செல்வரை விடுத்து ஏழைக் கைம்பெண்ணையே தம் சீடர்க்குச் சுட்டிக்காட்டினார் அன்றோ! அவளுடைய பெயரை நற்செய்தியாளர் எழுதவில்லை. படமெடுக்கப் புறப்படும் பிள்ளைகள் அப்பகுதியை ஒருமுறை வாசிக்கட்டும் என்றேன்.

பெயர் என்றதும் என் குற்றமொன்று நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில், ஆட்டோவிலிருந்து இறங்கி, மைவைத்த விரலைக் காட்டிச் சிரித்த மூதாட்டியைப் படமெடுத்துப் பங்கு மன்றத்தில் மாட்டினேன். விரலை எவரும் நோக்கவில்லை. யாருடைய ஆட்டோ என்பதையே எல்லாரும் நோக்கினர். நாடாளுமன்றத் தொகுதியில் ஒரு வாக்கு இலட்சங்களுக்குள் மறைந்துவிடும். சில நூறு பேர் மட்டுமே உள்ள ஊராட்சி வார்டிலோ, தோற்றவர் தமக்குக் கிடைக்காத வாக்குகளை வீடுவீடாகக் கணக்கிடுவார். அம்மூதாட்டிக்குக் களையெடுக்கும் வேலை அவ்வாண்டு முழுவதும் கிடைக்கவில்லை. படத்தைக் கழற்றினேன். பார்த்த கண்களை என்ன செய்ய முடியும்?

உரிய அனுமதியின்றிச் சாவடிக்குள் காமிரா செல்லலாகாது. அனுமதி பெற்றவரும் வாக்களிக்கும் மறைவிடத்தைப் படமெடுத்தலாகாது. இது சட்டம். ஆனால் வெளியே நின்றும் இரகசியத்தை உடைத்துவிடலாம் என்பதை நான் கற்றது அம்மூதாட்டியின் இழப்பில். வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டின் 75ஆம் பத்தி, வாக்கினை உரிமை என்றும் கடமை என்றும் கூறுவதோடு, அது சுதந்திரமாய் அளிக்கப்பட வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது. நம் மறையுரைகளில் கடமையைப் பேசிய அளவுக்குச் சுதந்திரத்தைப் பேசினோமா?

“அப்படியானால் எதைத்தான் எடுப்பது?” என்று ஒரு மாணவன் சலித்துக்கொண்டான். வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என வாக்குச் சீட்டுகளைப் பற்றியெல்லாம் குறிப்பெடுத்து வைத்திருந்தான், பாவம். அவனுக்கு உசிலம்பட்டிப் பக்கத்துக் கதையைக் கூறினேன். மதுரைக்குச் செல்கையில் நாம் கடக்கும் ஊர்தானே அது! அதனைச் சுற்றியுள்ள பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்கச் சாதியினரின் எதிர்ப்பால் பத்தாண்டுகள் அங்கே முறையான தேர்தல் நடைபெறவில்லை. மேலூரை அடுத்த மேலவளவில், தேர்தலில் வென்ற தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார். உசிலம்பட்டிப் பக்கத்து ஊராட்சிகளில் 2006 அக்டோபரில்தான் தேர்தல் ஒழுங்காக நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றனர். அப்பத்தாண்டுகளில் காலியாய்க் கிடந்த தலைவர் நாற்காலியை ஒருவர் படமெடுத்திருப்பின், ஆயிரம் மைவிரல்களைக் காட்டிலும் அது பேசியிருக்கும். கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவர் எழுப்பிய வரலாறு நமக்கும் உண்டாதலால், இதனைப் பிறர் கதையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாணவர்கள் பட்டியலைத் திருத்தினர். குதிரை நீங்கவில்லை, நான்காம் இடத்திற்கு இறங்கிற்று. விடியலில் ஜீப் நிறுத்தத்தில் இருவர் நிற்பர். எந்தத் தெரு எந்நேரத்தில் வரிசைக்கு வருகிறது என்பதை ஒருவன் நோட்டில் குறிப்பான். வாகனத்தையும் முகத்தையும் ஒரே படத்தில் சேர்ப்பதில்லை. படத்தில் உள்ளவர் பார்த்துச் சம்மதித்த பின்னரே காட்சிக்கு வைப்பது என முடிவாயிற்று.

நேற்று அம்மாணவி மீண்டும் வந்தாள். தாயிடம் கேட்டாளாம். “எடுத்துக்கோ, முகம் மட்டும் வேண்டாம்; மறுநாள் ஜீப்பில் இடம் போயிரும்” என்றாராம். அன்று ஜீப்பில் ஏறுவதா, வரிசையில் நிற்பதா என்பதை அவர் இன்னும் சொல்லவில்லை.