மாற்றல் கேட்பவன் துரோகியா?

2025 நவம்பர் 15 அன்று சஞ்சு சாம்சன் சென்னை அணிக்கு வருகிறார் என்றும், ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தான் அணிக்குச் செல்கிறார்கள் என்றும் அறிவிப்பு வெளியானது. ஆண்டாப் ஹில்லில் எங்கள் தெருமுனை இட்லிக் கடையில் அன்று தொடங்கிய வழக்கு இன்றுவரை தீர்ப்பின்றி நடந்துகொண்டிருக்கிறது. சென்னை, மும்பை என இரு அணிகளின் ரசிகர்களும் ஒரே பெஞ்சில் அமரும் கடை அது. நான் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். மொழியியல் படித்தவளுக்கு அது கெட்ட பழக்கமாகிவிட்டது.

"நாம ஜடேஜாவை விட்டுக் கொடுத்திருக்கக் கூடாது" என்றார், நான் மாமா என்றழைக்கும் அப்பாவின் நண்பர். "சஞ்சு அடம் பிடிச்சு வெளியே வந்தவன். நாளைக்கு நம்மகிட்டயும் அதைத்தானே செய்வான்?"

இவ்விரு வாக்கியங்களின் பிரதிப்பெயர்களைக் கவனியுங்கள். தமிழில் கேட்பவரை உள்ளடக்கும் 'நாம்' வேறு, விலக்கும் 'நாங்கள்' வேறு. மராத்தியிலும் 'ஆபண்', 'ஆம்ஹி' என்று அந்த வேறுபாடு உண்டு, ஹிந்திக்கு இல்லை. மாமாவின் 'நாம'வுக்குள் அவர் இருக்கிறார், நான் இருக்கிறேன், அணியின் உரிமையாளர் இருக்கிறார். ஆடுகிறவன் மட்டும் 'அவன்'. விசுவாசம், துரோகம் என்னும் சொற்கள் அந்த 'அவன்' மீது மட்டுமே விழுகின்றன. அணி ஒருவரை அனுப்பினால் அதற்குப் பெயர் 'முடிவு'. ('ஏலம்' என்ற சொல்லே போர்த்துக்கீசியரிடமிருந்து நமக்கு வந்தது. சரக்குக்காக வந்த சொல்லில் ஆட்களை ஏற்றிவிட்டோம்.)

ஐபிஎல் விதிப்படி வீரரின் சம்மதமின்றி அவரை வேறு அணிக்கு மாற்ற முடியாது. ஆனால் விரும்பிய வீரர் தானாகப் போகவும் முடியாது. இறுதி முடிவு அணியுடையது. வேறு அணியுடன் அவர் நேரடியாகப் பேசினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இதே ஜடேஜாதான். 2010இல் ராஜஸ்தானுடன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் மும்பையுடன் பேசினார் என்பதற்காக ஒரு பருவம் முழுவதும் ஆடத் தடை விதிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 21. அவ்விதி தேவையற்றது என்று சொல்லமாட்டேன். இல்லாவிட்டால் பணமுள்ள அணி யாரையும் இழுத்துக்கொள்ளும். எனினும், நேர்வழியில் ஒரு வீரருக்கு எஞ்சியிருப்பது தன் நிர்வாகத்திடம் சென்று 'என்னை விடுங்கள்' என்று கேட்பது ஒன்றே. அதையும் துரோகம் என்றால் அவர் எங்கே போவார்?

ஆகவே, 'அவன் ஏன் கேட்டான்' என்பதைவிட 'கேட்டபோது நிர்வாகம் என்ன செய்தது' என்பதே பயனுள்ள கேள்வி. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் இதற்கொரு புகழ்பெற்ற பாடம் உண்டு. 1995 டிசம்பர் 2 அன்று மாண்ட்ரியால் அணியின் கோல்காப்பாளர் பாட்ரிக் ருவா, டெட்ராய்ட்டுக்கு எதிராக ஒன்பது கோல்களை வாங்கும்வரை களத்திலேயே விடப்பட்டார். வெளியே வந்ததும், இனி இங்கே ஆடமாட்டேன் என்று அணித் தலைவரிடம் நேரே சொன்னார். பொது மேலாளர் ரெஜான் ஊல் நான்கே நாளில் அவரைக் கொலராடோவுக்கு மாற்றிவிட்டார். 1996 கோப்பையைக் கொலராடோ வென்றது. கோபத்தில் கேட்கப்பட்டதற்குக் கோபத்திலேயே பதில் சொன்னதன் விலை அது.

ராஜஸ்தான் அவ்வாறு செய்யவில்லை. 2021 முதல் தலைவராக இருந்த சஞ்சு வெளியேற விரும்புகிறார் என்ற செய்தி ஆகஸ்டிலேயே வெளிவந்துவிட்டது. மூன்று மாதம் பொறுத்து இரு வீரர்களைப் பெற்றுக்கொண்டது. என் கணக்கில் அது நல்ல நிர்வாகம். சென்னையைப் பற்றி எனக்கு அவ்வளவு நிம்மதி இல்லை. 2023 இறுதிப்போட்டியின் கடைசி இரு பந்துகளில் ஆறும் நான்கும் அடித்துக் கோப்பை தந்தவர், 18 கோடியிலிருந்து 14 கோடிக்கு இறங்கி அணி மாறினார். கையெழுத்திட்டார், உண்மை. ஆனால் உங்களை வைத்துக்கொள்ள விருப்பமில்லை என்று தெரிந்தபின் இடும் கையெழுத்தை எந்த அளவுக்குச் சம்மதம் என்பது? அணி கேட்ட மாற்றல் அது. பெஞ்சில் ஒருவரும் அணியைத் துரோகி என்று சொல்லவில்லை.

கோடிகளில் புரள்கிறவருக்கு எதற்கு இந்த இரக்கம் என்பீர்கள். இரக்கம் அன்று, பழக்கம். மத்திய அரசு ஊழியர் குடியிருப்பில் வளர்ந்தவள் நான். பாட்டி திருச்சியில் தனியாக இருந்தாள் என்பதால் அப்பா ஒன்பது ஆண்டுகள் மாற்றல் மனு எழுதினார். 'நிர்வாக நலன் கருதி' என்று தொடங்கும் பதில்களை அவர் ஒரு பச்சைக் கோப்பில் அடுக்கி வைத்திருந்தார். பாட்டி இறந்த ஆண்டு எழுதுவதை நிறுத்தினார். அம்மனுக்களில் சிலவற்றுக்கு ஆங்கிலம் திருத்திக் கொடுத்தவர் இந்த மாமாதான். அவருடைய சொந்த மனு நான்காம் முறை பலித்து, மூன்றாண்டுகள் சென்னையில் இருந்துவிட்டு வந்தார். அவரை ஒருவரும் துரோகி என்று அழைத்ததில்லை.

இதை அவரிடம் சொன்னேன். "அது வேற, இது வேற" என்றார். எப்படி வேறு என்று கேட்டதற்கு, இரண்டாவது காபி சொன்னார். சென்ற வாரம் அதே பெஞ்சில் அவர் வாயிலிருந்து 'நம்ம சஞ்சு' என்று வந்தது. ஜடேஜாவைப் பற்றி யாரோ கேட்டபோது, "அவங்க டீம் ஆளைப் பத்தி நமக்கென்ன" என்றார்.