பிட்டுப் பிட்டு வைக்கிறேன்

'பிட்'டுன்னதும் செமஸ்டர் பரீட்சை ஞாபகம் வந்தா நீங்களும் நம்ம கோஷ்டிதான் :-) ஆனா இது அந்த பிட் இல்லை மக்களே. ஸ்க்ரூ டிரைவர்ல மாத்தி மாத்தி மாட்டற பிட். மல்டி டூல்னு ஒண்ணு இருக்கு இல்லையா? மடக்கினா பாக்கெட்ல அடங்கும், விரிச்சா பிளேயர், கத்தி, அரம், ரம்பம்னு ஒரு சின்னப் பட்டறையே வெளிய வரும். அதுல இருக்கற பிட் ஹோல்டரைப் பத்தித்தான் இந்தப் புலம்பல். ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி, அதனால நிஜ ஆணி பத்தி எழுதலாம்னு உட்கார்ந்துட்டேன்.

முதல்ல நடந்த கதை.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன், கோவில்பட்டி. ஆச்சியை வீல் சேர்ல உட்கார வெச்சு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். அப்பா தள்ளறார், நான் பக்கத்துல நடந்து வர்றேன். இடுப்புல தோல் உறைக்குள்ள என் மல்டி டூல். முதல் போனஸ்ல வாங்கினது. இதுவரைக்கும் அதை வெச்சு நான் செஞ்ச மகத்தான காரியம், பார்சல் அட்டைப்பெட்டி பிரிச்சதுதான். ஆஸ்பத்திரிக்கு முன்னாடி இருக்கற பள்ளத்துல வண்டி இறங்கினதும் 'டக்'குனு ஒரு சத்தம். இடது கால் வைக்கற பலகை கழண்டு தொங்குது. அது தெரியாம அப்பா ரெண்டடி தள்ளிட்டார். ஆச்சியோட கால் தரையில உரசி, கட்டை விரல்ல தோல் வழண்டு ரத்தம்.

குனிஞ்சு பார்த்தா ஒரு போல்ட் லூஸ் ஆகியிருக்கு. அறுகோணக் குழி வெச்ச தலை. ஆலன் கீ போட்டு அரைச் சுத்து முடுக்கினா முடிஞ்சு போச்சு. என் வாழ்நாள்ல இப்படி ஒரு சான்ஸுக்குத்தான் காத்துட்டிருந்தேன்! உறையை அவுத்து டூலை எடுத்து ஹோல்டரைத் திறந்தா, உள்ள இருந்தது ஒரே ஒரு பிட். ஒரு முனை தட்டை, மறு முனை ஸ்டார். ஆலன் பிட் எல்லாம் தனியா ஒரு செட், காசு கொடுத்து வாங்கியும் வெச்சிருக்கேன். பெங்களூர்ல, ரூம்ல, மேஜை டிராயர்ல.

சரி, எதிர்லயே ஹார்டுவேர் கடை. ஓடினேன். கடைக்காரர் டிரில் மிஷினுக்குப் போடற ஆலன் பிட் ஒண்ணை எடுத்துக் கொடுத்து, "எந்த மிஷினுக்கும் சேரும் தம்பி"ன்னார். முப்பது ரூபா. எந்த மிஷினுக்கும் சேர்ந்தது, என் டூலைத் தவிர. அவர் கொடுத்தது உருண்டு திரண்ட அறுகோணத் தண்டு. என் ஹோல்டர்ல இருந்தது தட்டையான ஒரு சந்து. உள்ளயே போகலை.

கடைசில என்ன பண்ணேன் தெரியுமா? அதே டூலோட பிளேயரால அந்த பிட்டைக் குறுக்கே கவ்விப் பிடிச்சு போல்ட்டைத் திருப்பினேன். ரெண்டு தடவை வழுக்குச்சு, மூணாவது தடவை முடுங்குச்சு. அதுக்குள்ள அப்பா தோள்ல இருந்த துண்டைக் கிழிச்சு ஆச்சி விரல்ல கட்டியாச்சு. ஆச்சி என் டூலையே பார்த்துட்டிருந்தாங்க. அப்புறம் ஒரே கேள்வி: "அதுல அம்புட்டு சாமான் இருக்கு, இது மட்டும் இல்லையாக்கும்?"

டிராயர்ல வெச்சுட்டு வந்தது என் தப்பு. ஒத்துக்கறேன். அதனால டூல் எந்தக் கம்பெனின்னு எல்லாம் இங்க வேண்டாம். ஆனா கடையில வாங்கினது ஏன் பொருந்தலை? அது என் தப்பு இல்லை. யாரோ உட்கார்ந்து யோசிச்சு எடுத்த டிசைன் முடிவு அது. அந்த முடிவைப் பத்தித்தான் எனக்குப் பேசணும்.

கொஞ்சம் வரலாறு. டிம் லெதர்மேன் 1975-ல ஒரு பழைய ஃபியட் காரை வெச்சுக்கிட்டு ஐரோப்பாவைச் சுத்தினார். வண்டி மக்கர் பண்ணும்போதெல்லாம் கையில இருந்த மடக்குக் கத்தி போதலை, ஒரு பிளேயர் இருந்தா நல்லா இருக்குமேன்னு தோணியிருக்கு. 1980-ல காப்புரிமை, 1983-ல முதல் டூல் விற்பனை. ஊர் அமெரிக்காவோட போர்ட்லண்ட். அந்த முதல் டூல்ல பிட் மாத்தற வேலையே கிடையாது, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் நிரந்தரமா மாட்டினது. 1998-ல 'வேவ்'ன்னு ஒரு மாடல் வந்து சக்கைப்போடு போட்டுச்சு. 2004-ல அதைத் திருத்தி வெளியிட்டப்ப பிட் ஹோல்டர் உள்ள வந்துச்சு. ஆனா அதுல போடறது கடையில கிடைக்கற பிட் இல்லை, ரெண்டு பக்கமும் வழிச்சு எடுத்த தட்டை பிட்.

ஏன் தட்டை? இங்க நியாயமா பேசணும். உலகம் முழுக்க டிரில், ஸ்க்ரூ டிரைவர் செட் எல்லாத்துலயும் ஓடற பிட்டோட அளவு கால் அங்குல அறுகோணம், அதாவது 6.35 மி.மீ. அதைச் சுத்தி இரும்புச் சுவர் கட்டினா ஹோல்டர் இன்னும் தடியாகும். ஒரு மல்டி டூலோட கைப்பிடிக்குள்ள கத்தி, அரம், கத்தரி எல்லாம் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கி வெச்சிருக்கும். இந்த ஒரு ஹோல்டருக்கு இடம் விட்டா மூணு நாலு சீட்டு வெளிய போகணும். பிட்டைத் தட்டையாக்கினா ஏறக்குறைய பாதி தடிமன்ல வேலை முடிஞ்சுடும். வேவ் மடக்கினா 10 செ.மீ., எடை கால் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. அந்த அளவுக்குள்ள அடக்கணும்னா வேற வழி கம்மிதான். புத்திசாலித்தனமான வேலை, மறுக்கலை.

ஆனா விலை என்ன? தொலைஞ்சு போன பிட்டைத் தெருமுனைக் கடையில வாங்க முடியாது. நம்ம தொழில் பாஷைல சொன்னா, டேட்டா உங்களுதுதான், ஆனா திறக்கணும்னா எங்க சாஃப்ட்வேர்தான் வேணும்கற கதை. ஃபோன் சார்ஜர்ல இதே கூத்துதானே நடந்துச்சு? டிராயர் முழுக்க வித விதமான ஒயர். ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டு 2024 டிசம்பர்ல இருந்து புதுசா விக்கற ஃபோனுக்கெல்லாம் யுஎஸ்பி-சி தான்னு கட்டாயமாக்க வேண்டியிருந்துச்சு. பிட்டுக்குச் சட்டம் எல்லாம் யாரும் போடப் போறதில்லை. அங்க ஏற்கெனவே ஒரு பொது அளவு இருக்கு, அதைப் பிடிச்சாலே போதும்.

ஸ்க்ரூவோட சரித்திரமே இதைத்தான் சொல்லுது. கனடாவோட ராபர்ட்சன் 1908 வாக்குல சதுரக் குழி வெச்ச ஸ்க்ரூ கொண்டு வந்தார். வழுக்காது, ஒரே கையால போடலாம், அருமையான டிசைன். ஆனா மத்தவங்களுக்கு லைசென்ஸ் கொடுக்க மனசு வரலை. 1936-ல ஹென்றி ஃபிலிப்ஸ் காப்புரிமை வாங்கின ஸ்க்ரூதான் நாம 'ஸ்டார்'னு சொல்றது. அவரும் போர்ட்லண்ட்காரர்தான்! கொஞ்சம் அழுத்தித் திருகினா முனை மேல ஏறி வழுக்கற சமாச்சாரம் அது. ஆனா அவர் தானே செஞ்சு விக்கணும்னு நிக்கலை, செய்யறவங்களுக்கெல்லாம் லைசென்ஸ் கொடுத்தார். இன்னிக்கு நம்ம வீட்டு ஸ்விட்ச் போர்டுல இருந்து மிக்ஸி அடிப்பாகம் வரைக்கும் எது இருக்கு? ஸ்டார். ராபர்ட்சன் ஸ்க்ரூவை நம்ம ஊர்ல எத்தனை பேர் பார்த்திருப்பீங்க? நல்ல டிசைன் தோத்து, எங்கயும் கிடைக்கற டிசைன் ஜெயிச்ச கதை.

சரி, மத்தவங்க என்ன பண்ணாங்க?

விக்டோரினாக்ஸ் 'சைபர் டூல்'ல இருக்கறது 4 மி.மீ. அறுகோணம், சின்ன பிட். அது ஹார்டுவேர் கடை அளவு இல்லை, எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் செட்ல வர்ற அளவு. ஆனா எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. பிட்டுங்க எல்லாம் கத்தியோட உடம்புக்குள்ளயே ஒரு சின்ன அறைல குடியிருக்கும். டூல் வந்தா பிட்டும் கூடவே வரும். டிராயர்ல தங்கிட முடியாது. போதாக்குறைக்கு அந்தப் பழைய மானிட்டர் கேபிள் முனைல இருக்கற குட்டி நட்டைத் திருகறதுக்கு 5 மி.மீ. சாக்கெட் வேற. கம்ப்யூட்டர்காரனை நினைச்சே செஞ்சிருக்காங்க, புண்ணியவான்கள்.

கெர்பர் (இவங்களும் போர்ட்லண்ட்ல 1939-ல ஆரம்பிச்சவங்க, அந்த ஊர் தண்ணில என்னமோ இருக்கு) 'சென்டர் டிரைவ்'ல நேரா கடை பிட்டையே போட வெச்சுட்டாங்க, கால் அங்குலம். அதோட இன்னொரு வேலையும் பண்ணாங்க. வழக்கமா ஹோல்டர் கைப்பிடியோட ஓரத்துல இருக்கும். திருப்பும்போது மொத்த டூலும் கிரைண்டர் குழவி மாதிரி சுத்தி வரும், பிட் ஸ்க்ரூவை விட்டு நழுவும். இதுல ஹோல்டர் நடு அச்சுல நிக்கும், நிஜ ஸ்க்ரூ டிரைவர் மாதிரியே கைக்குள்ள திரும்பும். ஆனா டூல் கனம், பருமன். பிட்டுங்க இருக்கறதும் தனிப் பட்டையிலதான்.

லெதர்மேன்லயும் ஒரு நீட்டிப்புத் தண்டு தனியா விக்கறாங்க. ஒரு பக்கம் தட்டைச் சந்துல சொருகிக்கும், இன்னொரு பக்கம் கடை பிட்டை வாங்கிக்கும். பள்ளத்துக்குள்ள இருக்கற ஸ்க்ரூவும் எட்டும். இதான் சரியான தீர்வு, ஆனா தனியா வாங்கணும். என் கேள்வி எல்லாம் ஒண்ணுதான். டூல் கூடவே பெட்டில வர வேண்டிய சாமான் ஏன் உபரி சாமான் லிஸ்ட்ல இருக்கு?

"அட, பிட் ஹோல்டரே வேண்டாம்பா, நிரந்தரமா ஒரு ஸ்டார், ஒரு தட்டை இருந்தா போதும்"னு ஒரு கட்சி உண்டு. எங்க அப்பா அந்தக் கட்சிதான். ஸ்கூட்டர் பெட்டில 20 வருஷமா ஒரு திருப்புளி கிடக்கு. தொலையாது, பிரியாது, எதையும் மறந்து வெச்சுட்டு வர முடியாது. ஆனா அன்னிக்கு அவர் திருப்புளியாலயும் அந்த ஆலன் போல்ட்டை ஒண்ணும் பண்ண முடியலையே. லேப்டாப்புக்கு நட்சத்திர டார்க்ஸ், கட்டிலுக்கு ஆலன், பொம்மைக்கு முக்கோணம்னு ஸ்க்ரூ தலை எல்லாம் தலைக்கு ஒரு விதமா ஆன காலத்துல, நிரந்தர முனை ரெண்டு பத்தாது. பிட் மாத்தற வசதி கட்டாயம் வேணும். அதனாலதான் அந்த வசதி பூட்டுப் போட்டு வரும்போது கோவம் வருது.

என் கட்சி இதுதான்: பிட் ஹோல்டரை அது எத்தனை பிட் செட்டோட வருதுன்னு வெச்சு எடை போடாதீங்க. பிட் கையில இல்லாத அன்னிக்கு, முன்னப் பின்ன தெரியாத ஊர்ல, எதிர்க் கடையில முப்பது ரூபாய்க்குக் கிடைக்கறது அதுல சேருமான்னு பாருங்க. சேர்ந்தா அது டூல். சேரலைன்னா அது கம்பெனியோட டூல், நாம வெறுமனே சுமக்கறோம்.

நான் இப்ப என்ன பண்றேன்? நீட்டிப்புத் தண்டு ஒண்ணு வாங்கி அதே உறைக்குள்ள சொருகிட்டேன். கூட அந்த முப்பது ரூபா ஆலன் பிட். உறை கொஞ்சம் புடைச்சுக்கிட்டுத் தெரியுது, பரவாயில்லை. பொங்கலுக்குப் போனப்ப ஆச்சி முன்னாடி உட்கார்ந்து வீல் சேர்ல இருந்த எட்டு போல்ட்டையும் ஒண்ணொண்ணா முடுக்கினேன். விரல் காயம் ஆறிடுச்சு. சர்க்கரை உடம்பு, ஆறவே மூணு வாரம் ஆச்சுன்னு அம்மா அப்பதான் சொன்னாங்க. ஃபோன்ல என்கிட்ட யாருமே சொல்லலை.

டிஸ்கி: இதைப் படிச்சிட்டு "இவனுக்கு மரை கழண்டுடுச்சு"ன்னு நினைக்கறவங்களுக்கு: முடுக்க பிட் இருக்கு, இப்ப எந்தக் கடை பிட்டும் சேரும் :-)