எந்த வகை மகிழுந்து வாங்கலாம்?



உயரமான சிறு மகிழுந்தைக் கண்டாலே, மேடு பள்ளம் எதுவாயினும் ஏறிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். 1998-இல் வெளிவந்த பெரோடுவா கெம்பாராவுக்கு அது பொருந்தும். அதன் நான்கு சக்கரங்களுக்கும் இயந்திர விசை சென்றது. 2021 மார்ச்சில் நம் நாட்டில் அறிமுகமான பெரோடுவா அத்திவாவிலோ முன்சக்கரங்களுக்கு மட்டுமே. விலை கூடிய வகையை வாங்கினாலும் இது மாறாது. (அவ்வாண்டு டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவைச் சூழ்ந்தது போன்ற வெள்ளத்தில் எந்த மகிழுந்தையும் நம்ப இயலாது.)

அத்திவா எக்ஸ், எச், ஏவி என மூன்று வகைகளில் வந்தது. அப்போதைய தொடக்க விலை 61,500 ரிங்கிட். ஏவிக்கு ஏறத்தாழ 10,000 ரிங்கிட் கூடுதல். ஆறு காற்றுப்பைகளும், மோதவிருக்கும் வேளையில் தானே பிரேக் பிடிக்கும் வசதியும் எக்ஸ் வகையிலேயே இருந்தன. பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் குடும்பத்திற்கு அதுவே போதும் என்பேன். ஒன்பதாண்டுக் கடனில் அலங்காரத்திற்கும் வட்டி கட்டுவானேன்?

ஏவியில் ஒன்று மட்டும் பயனுள்ளது: கண்ணுக்குப் படாமல் பக்கவாட்டில் வரும் வாகனத்தை உணர்த்தும் விளக்கு. கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு நாள்தோறும் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஓட்டுவோர் அதற்காகச் செலவிடலாம். மற்றவர்கள் அப்பணத்தில் முதலில் குழந்தை இருக்கையை வாங்கட்டும். 2020 முதல் அது சட்டப்படி கட்டாயம்.