சாக்கடையில் விழுந்த தொப்பி



சென்ற மாதக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. சரக்கு எடுத்துவிட்டுப் பாக்கி கொடுக்காமல் இழுத்தடிக்கிறவர்களின் பெயரைக் கடைப் பெயரோடு நம் சங்க வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடலாம், மானத்துக்கு அஞ்சியாவது கொடுப்பார்கள் என்றார்கள். மொத்த வியாபாரிகள் பக்கம் கைதட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன். சில்லறைக் கடைக்காரர்கள் உட்கார்ந்திருந்த வரிசையில் சத்தம் குறைவாக இருந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைத்துப் பார்த்தேன்.

அந்த வாரம் என் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். கல்லூரியில் தத்துவம் படிக்கிறாள். நான் பத்தாவதோடு கடைக்கு வந்தவன், தத்துவம் என்றால் காத தூரம். "தாத்தா, உங்களை மாதிரி ஒரு பலசரக்கு வியாபாரிதான் பிற்காலத்தில் பெரிய தத்துவஞானி ஆனார்" என்று அவள் சொன்னதும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அவள் சொன்னதையும், பிறகு அவளை வாசிக்கச் சொல்லித் தெரிந்துகொண்டதையும் வைத்து இதை எழுதுகிறேன்.

அவர் பெயர் ஸ்பினோசா. 1632-இல் ஹாலந்து நாட்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா இறக்குமதி வியாபாரி. உலர்ந்த திராட்சை, அத்திப்பழம், பாதாம், ஆலிவ் எண்ணெய் இவையெல்லாம் கப்பலில் வரும். அந்தக் காலத்தில் ஹாலந்துக்கும் இங்கிலாந்துக்கும் கடல் சண்டை (1652 முதல் 1654 வரை). சரக்கோடு கப்பல்கள் பிடிபட்டன. அது போதாதென்று கடற்கொள்ளைக்காரர்கள் வேறு. 1654-இல் அப்பா இறந்தபோது மகனுக்கு 21 வயது. தம்பி காபிரியேலைச் சேர்த்துக்கொண்டு தொழிலை ஏற்றார். கைக்கு வந்தது கடையும் கடனும்.

இனி நடந்ததைக் கேளுங்கள். 1655-இல் அல்வாரஸ் என்ற ஆபரண வியாபாரி ஸ்பினோசாவுக்கு 500 கில்டர் கொடுக்க வேண்டியிருந்தது. ஓர் உண்டியல் கைமாறி இவரிடம் வந்த வகையில் ஏற்பட்ட பாக்கி. கேட்டால் இரண்டு நாள் என்பார், அடுத்த வாரம் என்பார். நமக்குப் பழகிய பாட்டுதான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஸ்பினோசா, கடைசியில் ஆளைக் கைது செய்ய வைத்தார். பிடித்து ஒரு சத்திரத்தில் வைத்திருந்தார்கள். பேசித் தீர்த்துக்கொள்ளலாம் வா என்று சொல்லி அனுப்பினார் அல்வாரஸ். போனால், ஒரு வார்த்தை பேசாமல் தலையில் ஒரு குத்து. அதற்குப் பிறகும் உட்கார்ந்து பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். அதன்படி கைதுச் செலவையும் அப்போதைக்கு ஸ்பினோசாவே கொடுப்பதாயிற்று! பணம் எடுத்துவரப் போய்த் திரும்பினால், சத்திர வாசலில் அல்வாரஸின் சகோதரர் நிற்கிறார். அவரும் ஒரு குத்து விட்டார். தொப்பி கீழே விழுந்தது. அதை எடுத்துச் சாக்கடையில் போட்டுக் காலால் மிதித்தார். பத்திரம் எழுதுகிற நோட்டரியிடம் இது அப்போதே பதிவாகிவிட்டதால் இன்றைக்கும் படிக்கக் கிடைக்கிறது.

அடுத்த ஆண்டு, 1656 மார்ச்சில், ஸ்பினோசா நகர நிர்வாகத்தின் வாசலுக்குப் போனார். அந்த ஊர்ச் சட்டப்படி 25 வயது ஆகாதவர் மைனர். தாயும் தகப்பனும் இல்லாத மைனர் என்று காட்டி, அப்பா வைத்துவிட்டுப் போன கடன் தன் தலையில் விழாமல் விலக்கிக்கொண்டார். நம் பக்கத்தில் மஞ்சள் கடுதாசி என்போமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஆக, பின்னால் நல்லொழுக்கத்தைப் பற்றி உலகத்துக்கே எழுதிய மனிதர், இருபத்து மூன்று வயதுக்குள் கடன்காரனைப் பிடித்து அடைக்கவும் வைத்திருக்கிறார், கடன் கொடுத்தவர்களுக்குக் கையை விரித்தும் இருக்கிறார். இதை மறைக்காமல் சொன்னதால்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. வரவு செலவு தெரியாதவர் செய்கிற உபதேசத்தை நான் காசுக்கு எடுத்துக்கொள்வதில்லை.

அதே 1656 ஜூலையில், அவர் கொள்கைகள் மதத்துக்கு விரோதம் என்று சொந்தச் சமூகம் அவரைத் தள்ளிவைத்தது. யாரும் அவரோடு பேசக்கூடாது, ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடாது. நிற்கக் கடையும் இல்லை, ஊரும் இல்லை. கண்ணாடி தேய்த்து லென்ஸ் செய்து பிழைத்தார். நுண்ணோக்கிக்கும் தொலைநோக்கிக்கும் அவர் தேய்த்த லென்ஸை அந்தக் காலத்து விஞ்ஞானி ஹைகன்ஸே பாராட்டியிருக்கிறார். மீதி நேரத்தில் எழுதினார். அவருடைய 'அறவியல்' என்ற நூல் 1677-இல் அவர் காலமான பிறகு, அதே ஆண்டில், நண்பர்கள் முயற்சியால் அச்சேறியது.

அந்த நூலில் அறிவு மூன்று வகை என்கிறார். அதை விளக்க உதாரணத்துக்கு யாரை எடுத்தார் என்று நினைக்கிறீர்கள்? நம்மைத்தான், வியாபாரியைத்தான். மூன்று எண் தெரிந்தால் நாலாவதைக் கண்டுபிடிக்கும் கணக்கு நமக்குத் தெரியும். மூன்று கிலோ இவ்வளவு என்றால் ஏழு கிலோ எவ்வளவு? இரண்டாவதையும் மூன்றாவதையும் பெருக்கி முதலாவதால் வகுத்துவிடுவோம். ஏன் அப்படி என்று கேட்டால், வாத்தியார் சொன்னார், இதுவரை தப்பியதில்லை என்போம். இது முதல் வகை. கேள்விப்பட்டதும் பழகியதும் இதில் அடக்கம். யூக்ளிட்டின் நூலைப் படித்து, காரணம் அறிந்து போடுகிறவனுடையது இரண்டாவது வகை. ஒன்று, இரண்டு, மூன்று என்று கொடுத்தால், பெருக்காமல் வகுக்காமல் ஆறு என்று சட்டென்று தெரிகிறதே, அப்படி நேரே காண்பது மூன்றாவது வகை.

முதல் வகையை அவர் ஒரேயடியாகத் தள்ளவில்லை. தன் பிறந்த நாள் எது என்பதே பிறர் சொல்லித் தெரிந்ததுதான் என்று வேறோர் இடத்தில் எழுதியிருக்கிறார். ஆனால் மனிதன் தவறிப் போவது இந்த வகையால்தான் என்கிறார்.

இதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷத்துக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து ஊர்க் கடைக்காரர் ஒருவர் என்னிடம் பருப்பும் எண்ணெயும் எடுத்துக்கொண்டிருந்தார். எட்டு வருஷப் பழக்கம். இரண்டு தவணை தவறிவிட்டது. ஆள் கடையை மூடப் போகிறார் என்று மண்டியில் ஒரு தரகர் சொன்னார். யாரிடம் கேட்டீர்கள் என்று அவரை நான் கேட்கவில்லை. மறுநாள் காலை இரண்டு ஆட்களோடு போய், வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே சத்தம் போட்டேன். உள்ளே இருந்த துவரம்பருப்பு மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அன்று மாலைக்குள் செய்தி மண்டி முழுக்கப் பரவியது. மற்ற மொத்தக் கடைக்காரர்களும் சரக்கை நிறுத்திவிட்டார்கள்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. கேன்டீன் எடுத்து நடத்திய ஒருவருக்கு அவர் மாதக் கணக்கில் சரக்குக் கொடுத்திருந்தார். அந்தக் கேன்டீன்காரருக்கு வர வேண்டிய பில் வரவில்லை. ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு நின்றிருக்கிறது. அவர் பேரேட்டைப் புரட்டியிருந்தால் அரை மணி நேரத்தில் எனக்கே புரிந்திருக்கும். மூடப் போகிறார் என்று நாங்கள் சொன்னோம், நாங்கள் சொன்னதாலேயே கடை மூடியது. என் பாக்கியை நாலு தவணையில் கடைசி ரூபாய் வரைக்கும் மணியார்டரில் அனுப்பினார். அதன் பிறகு என் கடைப் படி ஏறவில்லை. ஒரு கல்யாண வீட்டில் எதிரே பார்த்தபோது மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். அந்த வணக்கம் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

மனித சுபாவத்தைப் பற்றி ஸ்பினோசா சொல்வது இதுதான். கோபம், பொறாமை, பேராசை, பயம் எல்லாவற்றுக்கும் மழைக்கும் வெயிலுக்கும் உள்ளது போலக் காரணம் உண்டு. வடிவக் கணிதத்தில் கோட்டையும் பரப்பையும் ஆராய்வது போல மனிதனின் ஆசைகளை ஆராயப் போகிறேன் என்றுதான் அந்தப் பகுதியையே தொடங்குகிறார். நாம் என்ன விரும்புகிறோம் என்பது நமக்குத் தெரியும், அந்த விருப்பம் எதனால் வந்தது என்பது தெரியாது. அதனால்தான் எல்லாம் நம் இஷ்டப்படி நடப்பதாக நினைத்துக்கொள்கிறோம் என்கிறார். எறியப்பட்ட கல்லுக்கு நினைப்பு வந்தால், தன் இஷ்டத்தில் பறப்பதாகத்தான் அதுவும் சொல்லும் என்று ஒரு கடிதத்தில் கேலி செய்கிறார். வெறுப்பைத் திருப்பி வெறுத்தால் அது வளரும், அன்பு காட்டினால் அழியவும் கூடும் என்பதைக் கணக்குப் பாடம் போல நிரூபித்துக் காட்டுகிறார்.

"அப்படியானால் கொடுக்காதவனை விட்டுவிடச் சொல்கிறாரா?" என்று பேத்தியை மடக்கினேன். இல்லையாம். வெறிநாய் கடித்து வெறி பிடித்தவன்மேல் குற்றமில்லை, அதற்காக அவனை அப்படியே திரிய விட முடியுமா என்று அவரே கேட்டிருக்கிறார். சரக்கை நிறுத்தலாம், கோர்ட்டுக்கும் போகலாம். மனசில் வெறுப்பை வைத்துக்கொண்டு செய்யாதே என்பதுதான் விஷயம். எனக்கு இது பிடித்தது. பருப்பு மூட்டையை எடுத்து வந்ததற்காக நான் வெட்கப்படவில்லை. அத்தனை பேர் முன்னால் கத்தினேனே, அதற்குத்தான்.

நல்லவனாக இருந்தால் பிறகு பலன் கிடைக்கும் என்பதையும் அவர் ஏற்கவில்லை. நல்லவனாக இருப்பதே பலன் என்கிறார். நாணயமாக இருந்தால் வியாபாரம் பெருகும் என்று நாமே இந்த இதழில் எத்தனை முறை எழுதியிருக்கிறோம்! பெருகாவிட்டால் நாணயத்தை விட்டுவிடலாமா என்று யாராவது திருப்பிக் கேட்டால் நம்மிடம் பதில் இல்லை.

சொன்னபடி வாழ்ந்தும் காட்டியிருக்கிறார். நண்பர் ஒருவரின் உயில்படி வருஷத்துக்கு 500 கில்டர் கொடுக்க அவர் குடும்பம் முன்வந்தபோது, 300 போதும் என்று குறைத்துக்கொண்டார். 1673-இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி தேடி வந்தது, வேண்டாம் என்றார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்கு முடித்துவிடுவாராம். பழக்கம் போகுமா? ஒரு நாள் முழுக்க வெண்ணெய் போட்ட பால் கஞ்சியும் ஒரு குவளை பீரும், இன்னொரு நாள் திராட்சை போட்ட கூழ் என்று அவர் செலவுக் குறிப்பு கிடைத்திருக்கிறது. தனக்கு 200 நாணயம் தர வேண்டிய ஒருவர் திவாலானார் என்று கேட்டதும் சிரித்துவிட்டு, என் செலவைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்கிறேன் என்றாராம். இதை அவரை அறிந்தவர் எழுதி வைத்திருக்கிறார். தொப்பி சாக்கடையில் விழுந்த அதே மனிதர்தான்.

நாம் அப்படிச் சிரிக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை, கூலி கொடுக்க ஆட்கள் இல்லை, ஜி.எஸ்.டி. கட்டும் கவலை இல்லை. 44 வயதில் நுரையீரல் நோயில் போய்விட்டார். நமக்கு ஒரு லட்சம் பாக்கி நின்றால் மறு லோடு எடுக்க முடியாது. அதனால் பாக்கியை வசூலிக்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை.

வாட்ஸ்அப்பில் பெயர் போடும் யோசனையைத்தான் வேண்டாம் என்கிறேன். மண்டியில் அன்று ஒரு தரகர் சொன்னதை இருபது பேர் கேட்டோம். இன்று ஒரு பட்டனை அழுத்தினால் ஊரே கேட்கும், தப்பென்று தெரிந்த பிறகு அழித்தாலும் அழியாது. அதற்குப் பதிலாக, பாக்கி மூன்று தவணை தாண்டினால் சங்கத்திலிருந்து இரண்டு பேர், ஒருவர் மொத்த வியாபாரி, ஒருவர் சில்லறைக் கடைக்காரர், சம்பந்தப்பட்டவர் வீட்டுக்குப் போய், கடைக்கல்ல, வீட்டுக்குப் போய், பேரேட்டைப் பார்த்துப் பேசட்டும். ஏமாற்றுக்காரர் என்று தெரிந்தால் கோர்ட் இருக்கிறது. வருகிற கூட்டத்தில் இதைத் தீர்மானமாக முன்மொழிய எண்ணியிருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். சில்லறைக் கடைக்காரர் வரிசையிலிருந்து யாராவது எழுந்தால் நல்லது.