குதிகால் வலி சோம்பேறித்தனமா?

பள்ளி விளையாட்டு விழா நெருங்கும் நாள்களில், "சார், குதிகால் வலிக்கிறது, ஓட முடியவில்லை" என்று எந்த வகுப்பிலும் ஒருவராவது சொல்வதுண்டு. "எல்லாம் சோம்பேறித்தனம்! இன்னும் இரண்டு சுற்று ஓடு, சரியாகிவிடும்" என்பது மைதானத்தில் கிடைக்கும் பதில். வீட்டிலோ, "எனக்கு இருக்கிற குதிகால் வாதம் உனக்கும் வந்துவிட்டதா?" என்கிறார் பாட்டி. இரண்டுமே தவறான தீர்ப்பு என்பேன்.

பாட்டிக்கு வலிப்பது பெரும்பாலும் குதிகாலின் அடிப்பக்கம். காலையில் எழுந்து முதல் அடி வைத்ததும் 'சுருக்'கென்று குத்தும். சற்று நடந்தால் குறையும். குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை, வில்லில் நாண் பூட்டியதுபோல் உள்ளங்காலில் ஓடும் உறுதியான திசுப்பட்டை நைந்துபோவதே காரணம். எக்ஸ்-ரே படத்தில் முள்போல் எலும்பு நீண்டிருந்தால், பழியை அதன்மேல் போட்டுவிடுகிறோம். ஆனால் அப்படி முள் உள்ள பலருக்கு வலியே இருப்பதில்லை!

உங்கள் வயதில் கதை வேறு. வளரும் பருவத்தில் குதிகால் எலும்பு ஒரே துண்டாக இருப்பதில்லை. அதன் பின்புறத்தில் தனியே ஒரு சிறு எலும்புத் துண்டு உருவாகிறது. சுமார் 15 வயதில் இரண்டும் ஒன்றாகும்வரை இடையில் இருப்பது மெல்லிய குருத்தெலும்புதான். கெண்டைக்கால் தசையின் வலிமையான நாண் வந்து பிடித்திருப்பதோ அந்தச் சிறு துண்டை! நீங்கள் மளமளவென்று உயரும்போது எலும்பின் வேகத்துக்குத் தசை ஈடுகொடுப்பதில்லை, விறைத்து நிற்கிறது. ஒவ்வொரு குதிப்பிலும் நாண் மேலே இழுக்கிறது, தரை கீழிருந்து இடிக்கிறது. நடுவில் அகப்பட்ட குருத்தெலும்பு புண்பட்டு வலிக்கிறது. குதிகாலை இரு பக்கமும் பிடித்து அழுத்தினால் வலி தெரியும்.

1912இல் இதை விவரித்த அமெரிக்க மருத்துவர் செவர் பெயரால் 'செவர் நோய்' என்கிறார்கள். நோய் என்ற சொல் எனக்கு உடன்பாடில்லை. எலும்புகள் ஒன்றானதும் தானே மறைந்துவிடுவதை நோய் என்று சொல்லி ஏன் பயமுறுத்த வேண்டும்?

ஆனால் 'இன்னும் இரண்டு சுற்று' இதற்கு மருந்தாகாது. சில வாரங்கள் ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைக்க வேண்டும். படுத்தே கிடக்க வேண்டியதில்லை; நொண்டாமல் நடக்க முடிந்தால் நடக்கலாம். விளையாடியபின் துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வைக்கலாம். சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு ஓடுவதைவிட மெத்தென்ற அடியுள்ள காலணி நல்லது. சுவரில் கைகளை ஊன்றி, ஒரு காலைப் பின்னே வைத்து, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முன்னே சாயுங்கள்; கெண்டைக்கால் தசை மெல்ல இழுபடும். வலிக்கும் அளவுக்கு இழுக்க வேண்டாம். பாட்டிக்கும் இதே பயிற்சி உதவும். சுடுசெங்கல்லின்மேல் எருக்கிலையை வைத்து மிதிக்கும் வைத்தியத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவருக்குத் தோல் வெந்துபோவதுகூடத் தெரியாது.

உடற்பயிற்சி ஆசிரியர்களும் மனம் வைக்க வேண்டும். வலிக்கிறது என்கிற மாணவனிடம் சில வாரங்களுக்கு விசிலையோ, கபடிப் புள்ளிக் கணக்கையோ கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? வீக்கம், சிவப்பு, காய்ச்சல், இரவில் தூக்கம் கெடுக்கும் வலி, கீழே விழுந்தபின் காலை ஊன்ற முடியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் சுவர்ப் பயிற்சியை நம்பிக் காத்திராமல் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.