தைலமரமும் சிதலும்

செட்டிநாட்டு இல்லங்களின் நிலைகளையும் தூண்களையும் காணும் அயலூரார், இத்துணை ஆண்டுகள் சென்றும் இவற்றைக் கறையான் தீண்டிற்றில்லையே என்று வியப்பர். பர்மாத் தேக்கின் வைரத்திலே சிதலுக்கு ஒவ்வாத பொருள்கள் உள. ஆயின், அவ்வில்லங்கட்கு அண்மையிலே, சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களின் சரளை நிலத்தில் காகிதக் கூழுக்கென வளர்க்கப்பெறும் தைலமரத் தோட்டங்களிலோ அச்சிதலே பெருங்கவலையாய் நிற்கின்றது. தமிழ்நாட்டில் இத்தொழிலுக்கென வனத்தோட்டக் கழகம் ஒன்று திருச்சிராப்பள்ளியில் 1974-ஆம் ஆண்டிலேயே நிறுவப்பெற்றது.

நட்ட சில கிழமைகளில் கன்று வாடும். நீர் போதவில்லை என்று காவலர் கருதுவர். பற்றி இழுப்பின் எளிதாய்க் கையோடு வந்துவிடும். மண்ணுக்குச் சற்றுக் கீழே ஆணிவேர் அரித்து அறுக்கப்பட்டிருத்தலை அப்பொழுதுதான் காண்பர். ஓராண்டைக் கடந்த மரத்திற்கு இவ்வச்சம் பெரிதும் இன்று. வளர்ந்த மரத்தின்மீது மண்பூச்சைக் கண்டு நடுங்குவார் பலர். அது பெரும்பாலும் பட்டுப்போன புறப்பட்டையை உண்பதற்கு இட்ட கூரையேயன்றி வேறன்று.

இங்ஙனம் ஆபத்து ஓராண்டினதாக, அதற்கு இட்ட மருந்தோ பல்லாண்டு நிற்பதாயிற்று. சென்ற நூற்றாண்டில் ஆல்ட்ரின், டீல்ட்ரின் என்னும் நஞ்சுகளை மண்ணிலே கலந்தனர். நெடுங்காலம் அழியாமையே அவற்றின் சிறப்பெனப் போற்றப்பட்டது; அக்குணமே குற்றமாகி, 2001-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையால் அவை விலக்கப்பட்டன. பெயர் மாறிய மருந்துகள் பின்னர் வந்தன. நம் நாட்டிலே வானம் பெய்த நீர் மேட்டுநிலத்தின்மேல் ஓடிக் கண்மாயிலும் ஊருணியிலும் தங்குகின்றது. தோட்டத்தில் இறைத்த நஞ்சு எவர் குடத்திற்கு வரும் என்பதை நாம் எடுத்துரைத்தல் வேண்டுமோ?

பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையத்தார் தைலமரக் கன்றுகளை ஆராய்ந்து, நாற்றுப்பையின் மண்ணில் மட்டும் மருந்திட்டு நடுதல் போதும் என்று காட்டினர். நிலமெங்கும் தெளிப்பதினும் இது எத்துணையோ மேல். எனினும், மருந்தைப்பற்றி மட்டுமே பேசுதல் எமக்கு உடன்பாடன்று. சிதல் உயிருள்ள மரத்தை நாடுவது அருமை. சருகும் பட்ட மரமுமே அதன் உணவு. புற்றினுள்ளே காளான் வளர்த்து, அதன் துணையால் அவற்றை மக்கச் செய்கின்றது. அது குடைந்த வழியே மழைநீர் மண்ணில் இறங்குகின்றது. நடுவதற்குமுன் சருகையும் பழவேரையும் வாரியெரித்து, நிலத்தை வெறுமையாக்கி, ஒரே இனமான அயல்நாட்டு மரத்தை வரிசையாய் நிறுத்தினால், பசித்த சிதல் கன்றையன்றி எதனைத்தான் தின்னும்? வேம்பும் புங்கமும் இடையிடையே நிற்கச் செய்வதும், சருகை அவ்விடத்தே விடுவதும் செலவில்லாதன. கூழ்மரத்தின் எடை சிறிது குறையலாம் என்பதை மறுக்கின்றிலோம்.

நம் பழைய மாணவருள் நிலமுடையோர் பலர். மழைக்குமுன் கன்று நட எண்ணுவோர், மருந்து வாங்கப் புறப்படுமுன் தம் ஊர் ஊருணியின் வரத்துக்கால் எப்பக்கமிருந்து வருகின்றது என்று ஒருமுறை நடந்து பார்ப்பாராக.