முத்துக் கடற்கரையில் ஒரு நாள்

திருச்செந்தூருக்குச் செல்லும் அன்பர்கள் பலர் தூத்துக்குடியில் பஸ் மாறுகிறார்கள். கிடைக்கிற கால் மணி நேரத்தில் ஒரு பேக்கரிக்குள் நுழைந்து மக்ரூன் வாங்கிக்கொள்கிறார்கள். முந்திரிப் பருப்பும் சர்க்கரையும் முட்டையின் வெண்கருவும் சேர்ந்த அந்தத் தின்பண்டம் நாவில் பட்டதும் கரைந்துவிடுகிறது. தூத்துக்குடியைப் பற்றிய ஞாபகமும் அத்துடனேயே கரைந்துவிடுகிறது.

"அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? உப்பளமும் கப்பலுந்தானே?" என்று நம்மிடம் கேட்டவர்கள் உண்டு. இந்த வாரம் அவர்களுக்குப் பதில் சொல்ல நினைக்கிறோம். ஒரு முழு நாள் அவ்வூருக்குக் கொடுத்துப் பாருங்கள். ஆனால் புறப்படுமுன், முத்துக் குளிக்கும் விதத்தைச் சிறிது தெரிந்துகொண்டு செல்லுங்கள். அது தெரியாவிட்டால் அந்த ஊரில் பாதியைப் பார்த்தும் பாராதவர்களாவீர்கள்.

மன்னார் வளைகுடாவின் அடியில் சிப்பிகள் படிந்து வளரும் இடங்களுக்குப் 'பார்' என்று பெயர். கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் தோணிகள் அங்கே செல்லும். குளிப்பவன் கயிற்றில் கட்டிய கல்லின்மீது காலை ஊன்றி, மூச்சை அடக்கிக்கொண்டு, பத்து மீட்டருக்குக் குறையாத ஆழத்துக்கு இறங்குவான். கைக்கு அகப்பட்ட சிப்பிகளை வாரி வலைப் பையில் போட்டுக்கொள்வான். மூச்சு முட்டும்போது கயிற்றை அசைப்பான். மேலே தோணியில் நிற்பவன் அந்த அசைவை உணர்ந்து உடனே இழுத்தாக வேண்டும். ஆகவேதான் கயிற்றை மைத்துனன் கையில் கொடுப்பது வழக்கம் என்று கடற்கரையில் சொல்லுவார்கள். தன் உடன்பிறந்தாளின் தாலி அந்தக் கயிற்றில் இருப்பதை மறந்து அவன் அயர்ந்துவிட மாட்டான் அல்லவா?

இதை வகுப்பில் சொல்லிவிட்டு, ஒரு நிமிஷம் மூச்சை அடக்கும்படி பிள்ளைகளிடம் கூறினோம். நாற்பதை எண்ணுவதற்குள் பெரும்பாலோர் வாயைத் திறந்துவிட்டார்கள். முத்து மாலையின் விலை என்ன என்று அதற்குப் பிறகு கேட்டதற்கு, வகுப்பில் ஒருவரும் ரூபாய்க் கணக்குச் சொல்லவில்லை.

காலையில் முதலில் கொற்கைக்குச் செல்லுங்கள். ஏரலுக்கு அருகே, வாழைத் தோட்டங்களுக்கு இடையில் அமைந்த சிற்றூர் அது. பாண்டியரின் துறைமுகம் இதுவா என்று திகைப்பு உண்டாகும். தாமிரவருணி கொண்டுவந்து கொட்டிய மண்ணால் கடல் பல கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. துறைமுகமும் கடலைத் தொடர்ந்து காயலுக்கு நகர்ந்தது. பின்னர் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிவைத்த 'பெரிப்ளூஸ்' என்னும் நூல், கொற்கையில் முத்துக் குளிக்கும் வேலையைத் தண்டனை பெற்ற குற்றவாளிகள் செய்ததாகக் கூறுகிறது. அரசர்களின் மார்பில் புரண்ட ஆரத்துக்குப் பின்னால் இப்படியும் ஒரு செய்தி இருக்கிறது.

கொற்கையிலிருந்து நகருக்குத் திரும்பிக் கடற்கரைச் சாலைக்கு வந்தால் பனிமய மாதா ஆலயம் வெண்மையாக எழுந்து நிற்கக் காண்பீர்கள். இப்போதுள்ள கட்டிடம் 1713-ம் வருஷத்தியது. மாதாவின் திருவுருவம் 1555-ல் மணிலாவிலிருந்து வந்தது என்பர். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் காலத்தில் கிறிஸ்தவத்தைத் தழுவிய பரதவ மக்களுக்கு இவளே கடல் காக்கும் தாய். ஆகஸ்ட் 5-ந் தேதி திருவிழாவுக்குச் சாதி மத பேதமின்றி ஜனங்கள் திரளுகிறார்கள். 1806-ல் முதன்முதலில் ஓடிய தங்கத் தேர் எல்லா வருஷங்களிலும் வருவதில்லை. விசேஷமான ஆண்டுகளில் மட்டும் வீதிக்கு வரும். வடம் பிடித்து இழுக்கும் கூட்டத்தைப் பார்த்தால், கயிறு பிடிக்கும் பழக்கம் இந்த ஊருக்குப் புதிதன்று என்று தோன்றும்.

1658-ல் போர்த்துகீசியரிடமிருந்து தூத்துக்குடியை டச்சுக்காரர் பிடித்துக்கொண்டனர். அவர்களுடைய கம்பெனியின் முத்திரை வி.ஓ.ஸி. என்ற மூன்று எழுத்துக்கள். அதே மூன்று எழுத்துக்களால் பின்னாளில் தமிழ்நாடு யாரை நினைக்கப் போகிறது என்பது அந்த வர்த்தகர்களுக்கு எப்படித் தெரியும்?

டச்சுக்காரருக்குப் பின் ஆங்கிலேயர் வந்தனர். கடலடிச் சிப்பியும் சர்க்கார் சொத்தாயிற்று. கரையில் சிப்பிகளை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு குவியல் சர்க்காருக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் காயலுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு என்று எழுதியிருக்கிறார். மூச்சை அடக்குகிறவன் மாறவில்லை; கரையில் நிற்பவனின் பங்குதான் வளர்ந்துவிட்டது.

மாலை வெயில் தாழ்ந்ததும் பழைய துறைமுகத்துக்குச் செல்லுங்கள். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றும் தோணிகளை அங்கே காணலாம். இந்தக் கரையோரம் ஆழம் குறைவானதால், முன்னாளில் பெரிய கப்பல்கள் எட்டத்தில் நங்கூரமிட, பிரயாணிகளும் மூட்டைகளும் படகில் ஏறிச் செல்வது வழக்கம். கொழும்புக் கப்பல் போக்குவரத்து பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கையில் இருந்தது. அந்தக் கடலிலேதான் 1906 அக்டோபரில் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். பங்கு ஒன்று 25 ரூபாய், 40,000 பங்குகள், மூலதனம் பத்து லட்சம். பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்தார். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் இரண்டு லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கினார். 1907-ல் 'காலியா', 'லாவோ' என்ற இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பிறகு இலவசமாகவே ஏற்றிச் செல்வதாகவும், கூடவே ஒரு குடை தருவதாகவும் ஆசை காட்டியது. இது வ.உ.சி.யின் வரலாறுகளில் தவறாமல் வரும் செய்தி. அவரோ கப்பலோடு நிற்கவில்லை. 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர் வேலை நிறுத்தத்தை நடத்தி வெற்றி கண்டார். மார்ச் 12-ந் தேதி கைதானார். ஜூலையில் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். அப்பீலில் தண்டனை குறைந்தது. ஆனால் அவர் சிறையில் இருக்கும்போதே, 1911-ல், கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறையை விட்டு வெளியே வந்தபோது வரவேற்க ஊர் திரண்டு வரவில்லை. சிறையில் தொழுநோயைப் பெற்றுக்கொண்ட சுப்பிரமணிய சிவாதான் வாசலில் காத்திருந்தார்.

அவர் ஆழத்தில் இறங்கினார்; மேலே தோணியில் இருந்த தேசம் கயிற்றை விட்டுவிட்டது. பங்குதாரர்களை மட்டும் குறை கூறிப் பயனில்லை. குடைக்கு ஆசைப்பட்டவர்களும், "நமக்கேன் வம்பு?" என்று ஒதுங்கியவர்களும் நம்மைப் போன்ற குடும்பஸ்தர்களே. 1936 நவம்பர் 18-ந் தேதி வ.உ.சி. இதே தூத்துக்குடியில் கண் மூடினார். 2011-ல் இங்குள்ள பெருந்துறைமுகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் கொழும்புக்குப் பிரயாணிக் கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கி, நவம்பரில் நின்றுபோயிற்று. கம்பெனி கலைந்து அப்பொழுது சரியாக நூறு ஆண்டுகள்.

1974-ல் பெருந்துறைமுகமான புதிய துறைமுகமும் அதை ஒட்டிய முயல்தீவுக் கடற்கரையும் காற்று வாங்க ஏற்ற இடங்கள். முத்துக் குளித்தலை அங்கே காணலாம் என்று எண்ணிச் செல்ல வேண்டாம். கடைசி முத்துக் குளிப்பு 1961-ல் நடந்தது. 1973-ல் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் இந்தக் கடற்கரையில் சிப்பியை வளர்த்து முத்து விளைவித்தனர். சங்கு குளிப்போர் மட்டும் இன்றும் உண்டு. அவர்கள் எடுத்த சங்கு வங்காளத்துக்குச் சென்று அங்குள்ள சுமங்கலிகளின் கையில் வளையாகிறது. கல்லும் கயிறும் போய், படகிலுள்ள கம்ப்ரெஸரிலிருந்து குழாய் வழியாகக் காற்று வருகிறது. அதிக நேரம் தங்கி அவசரமாக மேலே வந்தால் இரத்தத்தில் காற்றுக் குமிழிகள் உண்டாகிக் கை கால் முடங்குவதுண்டு. உயிரே போவதும் உண்டு. படகில் குழாயைக் கவனித்து நிற்பவனை நம்பித்தான் இப்போதும் ஒருவன் இறங்குகிறான்.

பிள்ளைகளை அவசியம் அழைத்துச் செல்லுங்கள். மறுநாளும் அவகாசமிருந்தால் ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த இல்லத்தையும் பார்க்கலாம். திரும்பும்போது மக்ரூன் வாங்கிக்கொள்வதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஒரு சங்கு வாங்க நேர்ந்தால் மட்டும், அதை எடுத்தவர் யார், அவருக்குக் கிடைத்தது எவ்வளவு என்று கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் கிடைக்காவிட்டாலும், கேள்வியைக் கேட்ட பிள்ளை அதை மறக்காது.